ஒரு கதைப் புத்தகமும் அறுபது சொற்களும்

(நம் அறக்கட்டளையின் மாலை நேரப் படிப்பகத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், ஆங்கில வகுப்பு ஆசிரியர் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கல்வியின் சிறப்பைப் பற்றி இந்த மேடையில் எங்களைவிட அழகாகப் பலர் பேசியிருக்கிறார்கள். அதையே மறுபடி சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. எங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம். "ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் இரண்டு நாள் உங்களிடம் அனுப்புகிறோம். ஏழு வாரமாக ஒரே கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பாடப் புத்தகத்தில் கேள்வி பதில் நடத்தினாலாவது பரீட்சைக்கு உதவும். இந்தக் கதை எதற்கு?" இதுதான் அந்தக் கேள்வி.

நியாயமான கேள்வி. வேலைவெட்டியை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும்.

புத்தகத்தின் பெயர் 'அமல் அன்பவுண்ட்'. எழுதியவர் ஆயிஷா சயீத். பாகிஸ்தானிய வேர் கொண்ட அமெரிக்க எழுத்தாளர். ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் இருந்தவர். புத்தகம் 2018இல் வந்தது. அதே ஆண்டு, பல நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே புத்தகத்தைத் தத்தம் வகுப்புகளில் உரக்க வாசிக்கும் 'குளோபல் ரீட் அலவுட்' என்ற முயற்சிக்கு இதையும் தேர்ந்தெடுத்தார்கள். பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கான கதை இது. நீதிக்கதையைவிடப் பெரியது, பெரியவர்களின் நாவலைவிடச் சிறியது.

கதை பாகிஸ்தானின் பஞ்சாபில் ஒரு கிராமத்தில் நடக்கிறது. அமல் பன்னிரண்டு வயதுப் பெண். வீட்டில் மூத்தவள். தன் ஆசிரியை மிஸ் சாதியாவைப் போலத் தானும் ஒரு நாள் ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. உம்மாவுக்கு ஐந்தாவதும் பெண் குழந்தை பிறக்கிறது. உம்மா படுத்துவிடுகிறார், எழுந்திருக்க மனமில்லை. தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எனவே அமல் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுகிறாள். ஒரு நாள் கடைத்தெருவில் உம்மாவுக்காக ஒரு மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு வரும்போது ஒரு கார் அவள்மீது மோதுகிறது. காரில் வந்தவர் அந்தப் பழத்தைக் கேட்கிறார். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறாள். அவர் அந்த வட்டாரத்தின் நிலப்பிரபுக் குடும்பத்து ஜவாத் சாஹிப் என்பது பிறகுதான் தெரிகிறது. அமலின் வாப்பா அந்தக் குடும்பத்திடம் கடன்பட்டவர். கடனை உடனே கட்டு, இல்லையென்றால் உன் மகளை வேலைக்கு அனுப்பு என்று ஆள் வருகிறது. அமல் அந்தப் பெரிய வீட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறாள். மீதியைச் சொல்லமாட்டோம். பிள்ளைகள் இன்னும் படித்து முடிக்கவில்லை, முடிவை நாங்கள் உடைத்தது தெரிந்தால் எங்களை விடமாட்டார்கள்.

இனி சொற்களுக்கு வருகிறோம். நம் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களைப் படிக்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததே. நோட்டில் நடுவே ஒரு கோடு, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். இருபது சொல், வெள்ளிக்கிழமை டெஸ்ட், சனிக்கிழமை மறந்துவிடும். பிள்ளைகள் சோம்பேறிகள் என்பதால் மறப்பதில்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் எந்த வேலையும் செய்யவில்லை என்பதால் மறக்கிறது. வாங்கி வைத்து ஒரு முறைகூட உடுத்தாத சட்டை அலமாரியில் எங்கே கிடக்கிறது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அமெரிக்கக் கல்வியாளர் இசபெல் பெக்கும் அவருடைய இரண்டு தோழிகளும் 2002இல் எழுதிய ஒரு நூலில் சொற்களை மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில் வீட்டுச் சொற்கள்: கதவு, தண்ணீர், ஓடு. இவற்றைக் கற்பிக்கத் தேவையில்லை. மூன்றாம் படியில் ஒரு துறைக்கு மட்டுமே உரிய சொற்கள்: ஒளிச்சேர்க்கை, தீர்க்கரேகை போன்றவை. அவை வரும்போது பாடத்தோடு வரும். நடுப்படிதான் முக்கியம் என்கிறார்கள். மறுத்தல், தற்காலிகம், விளைவு, சலுகை, ஒப்பந்தம் போல எல்லாப் பாடத்திலும், செய்தித்தாளிலும், பேங்க் படிவத்திலும், கோர்ட் காகிதத்திலும் வருகிற சொற்கள் அவை. நம் பிள்ளைகள் ஆங்கில மீடியத்தில் படித்தும் தடுமாறுவது இந்த நடுப்படியில்தான். நாங்கள் வாரம் ஆறு சொல் எடுக்கிறோம், பத்து வாரத்துக்கு அறுபது. சில கதைக்குள் இருப்பவை, சில கதையைப் பற்றிப் பேசத் தேவைப்படுபவை. குறைவாக இருக்கிறதே என்று தோன்றலாம். அறுபது சொல்லும் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து தானாக வரும் என்றால் அது சின்னக் காரியமில்லை.

முதல் வாரமே 'ஓ' என்ற சிறிய வினைச்சொல்லில் சிக்கிக்கொண்டோம். கடன்பட்டிருத்தல் என்று பொருள். தமிழில் இதற்கு ஒற்றை வினை இல்லை. "அவன் எனக்கு நூறு ரூபாய் தரணும்" என்றுதான் நாம் சொல்லுவோம். அதேபோல நமக்குக் கடன் ஒன்றுதான், வாங்குவதும் கொடுப்பதும் பின்னால் வரும் சொல்லைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்ட்'. பெரிய வகுப்புப் பிள்ளைகள்கூட இதை மாற்றிப் போடுவதற்குக் காரணம் இதுதான். அகராதி இந்தக் குழப்பத்தைத் தீர்க்காது. ஆகவே பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக நின்று பென்சிலையும் ரப்பரையும் கடன் கொடுத்து வாங்கினார்கள். அதைச் சொல்லிக்கொண்டே செய்தார்கள். ஒரு மணி நேரம் வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. அன்றைக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்த ஒரு பெரியவர் "பாடம் நடக்கிறதா?" என்று கேட்டார். நடந்துகொண்டுதான் இருந்தது.

கடன் என்ற சொல் அத்தோடு விடவில்லை. பழந்தமிழில் கடன் என்றால் கடமை. இன்றைக்கும் காலைக்கடன் என்கிறோமே, அதில் யாருக்கும் யாரும் பணம் தர வேண்டியதில்லை. அப்புறம் மதரஸாவில் ஓதும் ஒரு பையன் "கர்ழன் ஹஸனா" என்றான். அழகிய கடன், வட்டியில்லாமல் கொடுப்பது. உடனே ஒரு பிள்ளை கேட்டாள், "அமலோட ஊர்ல அழகிய கடன் கொடுக்க ஒருத்தர்கூட இல்லையா?" இந்தக் கேள்வி எங்கள் பாடக்குறிப்பில் இல்லை. எந்தப் பாடப் புத்தகத்தின் பயிற்சிப் பக்கத்திலும் இருக்காது.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை அவர்களும் அறியவில்லை, பல நேரம் நாமும் அறிவதில்லை. இந்தக் கதையில் வருகிற துப்பட்டா, சாஹிப் போன்ற சொற்களைப் பார்த்ததும் வேறு நாட்டுப் பிள்ளைகள் பின்பக்கம் புரட்டிப் பொருள் தேட வேண்டும். நம் பிள்ளைக்கு அது உம்மம்மாவின் வெள்ளைத் துப்பட்டி. இரண்டும் ஒரே வேர்தான், இரண்டு அகலத் துணி என்று பொருள். புத்தகத்தின் பெயரில் இருக்கும் அமலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் ஒன்றாகத் தெரியும். தமிழிலும் ஒன்றாகத் தெரியும். அரபியில் எழுதச் சொன்னோம். அலிஃபில் தொடங்கினால் நம்பிக்கை, ஐனில் தொடங்கினால் செயல். நல்ல அமல்கள் என்று பயானில் கேட்பது இரண்டாவது. "புதிய சட்டம் அமலுக்கு வந்தது" என்று செய்தியில் வாசிக்கிறார்களே, அதுவும் அந்த இரண்டாவதுதான். அரபிச் சொல் எப்படி அரசாங்கத்தின் வாயில் புகுந்தது என்று பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம்.

பிறகு கடன் சம்பந்தமான தமிழ்ச் சொற்களை வீட்டில் கேட்டு வரச் சொன்னோம். கடை வைத்திருக்கும் வாப்பாமார்களின் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். வசூல், பாக்கி, அசல், ரசீது, ஜாமீன், ஜப்தி, வாய்தா, வக்கீல். இவற்றில் ரசீது பாரசீகம், மற்றவற்றின் வேர் அரபி. வசூல் என்றால் வந்து சேர்தல், அசல் என்றால் வேர், வாய்தா என்றால் கொடுத்த வாக்கு. அல்லாஹ்வின் திருநாமங்களை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு அல்பாக்கீ, என்றும் நிலைத்திருப்பவன், தெரியும். அல்வகீல், பொறுப்பேற்பவன், தெரியும். கடை நோட்டில் எழுதும் பாக்கிக்கும், கோர்ட்டில் கறுப்பு அங்கியோடு நிற்கும் வக்கீலுக்கும் அதே வேர்கள்தாம் என்று சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. மதரஸாப் படிப்பும் பள்ளிப் படிப்பும் இரண்டு தனித்தனி அறைகள் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள்.

இந்தச் சொற்களில் பாதியைக் கொண்டுவந்தவர்கள் உம்மம்மாமார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடமே போகாதவர்கள் அவர்களில் பலர். பேத்தி நோட்டோடு வந்து உட்கார்ந்து "இதுக்கு நம்மூர்ல என்ன சொல்லுவாக?" என்று கேட்டால் அவர்கள் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் ஆகிவிடுகிறார்கள். ஆணம், பசியாறுதல், சஹன் என்றெல்லாம் நாம் பேசுவது பள்ளியில் கேலிக்குள்ளாகிறது என்று பிள்ளைகள் இந்தச் சொற்களை வீட்டு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். சொந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு இன்னொரு மொழியின் சொல்லும் சுலபத்தில் ஒட்டாது. ஆங்கிலம் வர வேண்டும் என்றால் வீட்டுத் தமிழை விடு என்று சொல்வதை எங்களால் ஏற்க முடியாது.

இனி 'அன்பவுண்ட்'. 'பைண்ட்' என்றால் கட்டு. 'பவுண்ட்' கட்டப்பட்டது. 'அன்' முன்னால் வந்தால் கட்டு அவிழ்ந்தது. நோட்டுப் புத்தகத்துக்கு பைண்டிங் போடுவது பிள்ளைகளுக்குத் தெரியும். அதே குடும்பத்தில் வந்ததுதான் 'பாண்ட்'. நிலம் வாங்கும்போதும் வேலைக்குச் சேரும்போதும் பாண்டு எழுதிக் கொடுத்தோம் என்கிறோமே, அது. 'பாண்டட் லேபர்' என்றால் கொத்தடிமை. ஒரே வேரிலிருந்து புத்தகத்தின் தையலும் வருகிறது, ஒரு குடும்பத்தின் விலங்கும் வருகிறது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு முழு வகுப்பு எடுத்துக்கொண்டோம், குறைக்க மனம் வரவில்லை.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பயன்படுத்துகிற இன்னொரு சொல் 'இன்டென்ச்சர்'. பார்த்தால் பயமுறுத்தும் சொல். உள்ளே இருப்பது பல். 'டென்டிஸ்ட்' என்ற சொல்லில் இருக்கும் அதே பல். பழைய காலத்தில் ஒப்பந்தத்தை ஒரே தாளில் இரண்டு முறை எழுதி, நடுவே பல் பல்லாக வளைத்து வெட்டி, ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டு பாதியையும் பொருத்திப் பார்ப்பார்கள். பல் சேர்ந்தால் பத்திரம் உண்மை. பிள்ளைகள் தாளை வெட்டிப் பார்த்தார்கள், ஒருவர் வெட்டியது இன்னொருவருடையதோடு சேரவே இல்லை. இந்த ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துத்தான் 1860 நவம்பரில் மெட்ராசிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் போனவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறங்கினார்கள், நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்காக. அதில் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஃபிஜிக்குப் போனவர்களின் வாயில் 'அக்ரிமெண்ட்' என்பது 'கிர்மிட்' ஆனது. ஒரு ஆங்கிலச் சொல்லின் பொருளைத் தேடப் போய் நம் கடற்கரையிலிருந்து புறப்பட்ட கப்பல்வரை வந்துவிட்டோம். கொழும்புக்கும் பினாங்குக்கும் போன முப்பாட்டனார் எந்தக் காகிதத்தில் போனார், கடை வைக்கப் போனாரா, கூலியாகப் போனாரா என்று இப்போது சில வீடுகளில் விசாரணை நடப்பதாகக் கேள்விப்படுகிறோம். அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் "இது பொம்பளப் புள்ளைக கதை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களை உள்ளே இழுத்தது கணக்கு. அந்தப் பெரிய வீட்டில் வேலை செய்கிறவர்களின் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கடனோடு சேர்த்துக் கணக்கு எழுதுகிறார்கள். அதனால் கடன் தீருவதில்லை. இது எப்படி நடக்கும் என்று கரும்பலகையில் போட்டோம். எண்கள் கணக்குக்காக நாங்கள் வைத்தவை. கடன் 20,000 ரூபாய். மாதச் சம்பளம் 1,500. சாப்பாட்டுக்குப் பிடிப்பது 1,200. தங்குமிடத்துக்கு 400. மாதம் 1,500 வரவு, 1,600 செலவு. ஒரு வருடம் ஓயாமல் உழைத்த பிறகு கடன் எவ்வளவு? 21,200. இரண்டாம் முறை கூட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் முறையும். ஒரு பையன், கணக்கில் எப்போதும் பின்வரிசை, எழுந்து "இதுல வட்டியே போடலையே, அதுக்குள்ள இப்படியா?" என்றான். 'லெட்ஜர்' என்ற சொல்லை அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்டார்கள். இருக்கிறது. இந்தியாவில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அந்தச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது, அதைத் திருப்பிக் கட்டவே வேண்டியதில்லை. பாகிஸ்தானில் அதே நோக்கத்துக்கான சட்டம் 1992இல் வந்தது. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003இல். சட்டம் இருந்தும் கதை ஏன் இப்படிப் போகிறது? இதைப் பிள்ளைகளே விவாதித்தார்கள். அந்த ஊரில் அந்தக் குடும்பத்தை எதிர்த்துப் பேச யாரும் துணிவதில்லை என்பதைக் கதையிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் பேசியதில் ஆங்கிலப் பிழைகள் நிறைய. நாங்கள் குறுக்கே விழுந்து திருத்தவில்லை.

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் தயக்கத்தோடு சொல்வது.

ஐந்தாம் வாரத்துச் சொற்களில் ஒன்று 'டெம்பரரி'. தற்காலிகம். அமல் பள்ளியிலிருந்து நிறுத்தப்படும்போது அது தற்காலிகம்தான். உம்மா எழுந்து நடமாடும்வரைதான். வாப்பா கெட்டவர் இல்லை, மகள்மீது பாசமுள்ளவர். வீட்டில் வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் இந்தச் சொல்லுக்குத் தமிழ் கேட்டோம். தற்காலிகம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி, "கொஞ்ச நாளைக்கு மட்டும்" என்றார்கள். அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு இல்லை. உடனே அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தோம்: கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று சொல்லித் தொடங்கி இன்னும் முடியாத காரியம் நம் வீட்டில் எது?

நோட்டுகள் திரும்பி வந்தன. சிரிப்பாகவும் இருந்தன. மாடிப்படியின் கீழே கொஞ்ச நாளைக்கு வைத்த பழைய கட்டில். கொஞ்ச நாளைக்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் போன ஏணி. சிரிக்க முடியாதவையும் இருந்தன. "வாப்பா சவூதிக்கு ரெண்டு வருஷம் மட்டும் என்று போனாங்க, நான் பொறக்குறதுக்கு முந்தி." இதை எழுதிய பிள்ளைக்கு வயது பதின்மூன்று. ஒரு நோட்டில் பிள்ளையின் கையெழுத்து இல்லை. உம்மாவே எழுதியிருந்தார், தமிழில், கோணல் மாணலாக, ஒரு வரி. எட்டாம் வகுப்பில் லாத்தாவின் பிரசவத்துக்காகக் கொஞ்ச நாள் நின்றதாகவும், நோட்டையும் பையையும் அடுத்த வருடத்துக்கென்று பத்திரமாக எடுத்து வைத்ததாகவும். இன்னொரு பிள்ளை நோட்டில் எதுவும் எழுதவில்லை. வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் வந்து வாயால் சொன்னாள். அவள் லாத்தா இப்போது வீட்டில் நிற்கிறாள், கொஞ்ச நாளைக்கு.

எந்த வீடு என்று யாரும் யோசிக்க வேண்டாம். ஒரு வீடு என்றும் நினைக்க வேண்டாம்.

உம்மாவுக்குப் பிரசவம், உம்மம்மாவுக்குச் சுகமில்லை, வாப்பா வெளிநாட்டில், கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை. இவை எதுவும் பொய்க் காரணங்கள் இல்லை. வீடு தடுமாறும்போது முதலில் நிறுத்தப்படுகிறவள் மூத்த பெண் பிள்ளை, அவள் கெட்டிக்காரி என்பதால். வீட்டைத் தாங்குவாள் என்று நம்புவதால்தான் நிறுத்துகிறோம். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளுக்கு எதிராகத் திரும்புகிறது. அமலுக்கும் அதுதான் நடக்கிறது. ஜவாத் சாஹிப் வருவதற்கு முன்பே அவள் கையிலிருந்து புத்தகம் போய்விட்டது. இந்த இடத்தை ஒரு பிள்ளைதான் எங்களுக்குச் சுட்டிக் காட்டினாள். பெரிய வீட்டின் அநியாயத்தைப் பார்ப்பது எளிது, சொந்த வீட்டில் பாசத்தோடு நடப்பதைப் பார்க்கத்தான் கஷ்டம்.

ஆகவே நிர்வாகிகளிடம் கலந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை ஒரு வாரத்துக்கு மேல் பள்ளிக்கு நிற்கும் நிலை வந்தால், படிப்பகத்துப் பெண் ஆசிரியை ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். பள்ளிப் பாடத்தை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம். பிரசவ வீட்டில் காலை எட்டு மணி முதல் பள்ளி விடும் நேரம்வரை கைமாற்றுக்கு இருக்க நம் மகளிர் குழுவில் நான்கு பேர் முன்வந்திருக்கிறார்கள். ஏற்கெனவே நின்றுவிட்ட பிள்ளைகளுக்கும் வழி அடைபடவில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளை படிப்பை விட்டிருந்தாலும், தன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர உரிமை உண்டு. விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி கேட்கவும் உரிமை உண்டு. பதினான்கு வயது முடிந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். நோட்டில் அந்த ஒரு வரி எழுதிய உம்மாவும் எழுதலாம், மேல் வயது வரம்பு இல்லை. படிவம் நிரப்புவதற்கு நாங்கள் இருக்கிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் எங்கள் காதுக்கு வந்தன. ஒன்று, பாகிஸ்தான் கதையை ஏன் எடுத்தீர்கள், யாராவது ஏதாவது சொல்லப் போகிறார்கள் என்று. புத்தகம் அமெரிக்காவில் எழுதப்பட்டு, அங்கே வெளியாகி, உலகம் முழுக்க வகுப்புகளில் வாசிக்கப்படுவது. ஒரு கிராமத்துப் பெண் படிக்க ஆசைப்பட்ட கதை. ஒளித்துப் படிக்க வேண்டியது எதுவும் அதில் இல்லை. அதனால்தான் கதவைத் திறந்து வைத்து நடத்துகிறோம், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

இரண்டாவது சந்தேகம் இன்னும் ஆழமானது. ஐந்தாவதும் பெண்ணா என்று ஊரே முகம் சுளிக்கும் ஒரு கதையை, முஸ்லிம் கிராமத்தில் நடப்பதாக, நாமே நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? ஏற்கெனவே உலகம் நம்மைப் பற்றி அப்படித்தானே பேசுகிறது? இதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கதைக்குள் போய்ப் பாருங்கள். கொடுமை செய்கிறவரும் முஸ்லிம், பணிந்து போகிறவர்களும் முஸ்லிம், எதிர்த்து நிற்கிறவளும் முஸ்லிம், எழுதியவரும் முஸ்லிம். தன்னைப் போலவே அந்த வீட்டில் வேலை செய்யும் ஒரு சிறுமிக்கு ஒளிந்து ஒளிந்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள் அமல். நம்மை வெளியிலிருந்து யாரோ பார்த்து எழுதும் கதையில் நாம் ஒரே முகமாகத்தான் தெரிவோம், வில்லனாகவோ பாவப்பட்டவராகவோ. இந்தக் கதையில் பல முகங்கள் இருக்கின்றன. அவற்றில் தன் முகம் எது என்று பிள்ளையே தேடிக்கொள்ளட்டும்.

பரீட்சைக்கு உதவுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகப் பதில். பாடத்தில் இல்லாத பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேள்வி கேட்பார்களே, அந்தப் பகுதிக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்களுக்குத் தெரியவில்லை. மற்றபடி மதிப்பெண் வரும் என்று வாக்குக் கொடுக்கமாட்டோம். வாய்தா என்ற சொல்லின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம், இனி அதைக் கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. இரவு சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் அமலுக்கு இன்றைக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் சொல்லட்டும். நடுவில் ஓர் ஆங்கிலச் சொல் வந்து விழும், அதற்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். தெரிந்திருந்தாலும் கேளுங்கள். டெஸ்ட் வைப்பது போலக் கேட்காதீர்கள், கதை கேட்பது போலக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்கள் போனில் "சாப்பிட்டியா, தொழுதியா" என்று கேட்பதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு வாப்பாமார்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள், அதில் ஒருவர் ரியாத்திலிருந்து முடிவை இப்போதே சொல்லு என்று மகளை நச்சரிக்கிறாராம்.

புத்தகம் படிப்பகத்தில் பன்னிரண்டு பிரதிகள் இருக்கின்றன. வகுப்பில் இரண்டு பேருக்கு ஒன்று போதும். வார இறுதியில் முறை வைத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவோம். எண்ணெய்க் கை படாமல் பார்த்துக்கொண்டால் போதும், அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். எட்டாம் வாரத்துச் சொற்கள் வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு. அன்றைய வகுப்புக்கு உம்மம்மாமார்கள் வர வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில்தான் நடக்கும், படி ஏற வேண்டியதில்லை. நாற்காலி போட்டு வைக்கிறோம்.